கொல்லிமலையில் உண்ட சாமைச் சோறு



பொன்விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறும், பங்குத்தந்தையரின் பணியும், பக்த சபைகளின் வளர்ச்சியும் அதில் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுதியுடையோர் நம்மிடையே பலர் உள்ளனர். எனவே நாங்கள் ஒரு தானியத்தின் வரலாற்றை எழுத முன்வந்தோம். "பொன்விழாவுக்கும் சாமைக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் வினவக்கூடும். கட்டுரையின் முடிவில் அதற்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலச் சிக்கனத்தில் சேர்ந்த பணத்தைக் கொண்டு அரிசி மூட்டைகள் வாங்கி, பங்குத்தந்தையுடன் எங்களில் சிலர் கொல்லிமலை சென்றோம். நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் மலை அது. அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலே செல்ல வேண்டும். செம்மேடு என்னும் சிற்றூரே மலையின் தலைமையிடம். அங்கிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு குக்கிராமத்தில் அரிசியை இறக்கினோம். உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. பசியோடு நின்ற எங்களை ஒரு மூதாட்டி தம் வீட்டுத் திண்ணையில் அமர வைத்தார்.

"நெல்லுச்சோறு இல்லீங்க சாமி. சாமைதான் ஆக்கி வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர், ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல.

சாமைச் சோறும், மொச்சைக் கொட்டையும் பலாக்கொட்டையும் சேர்ந்த குழம்பும் இலையில் விழுந்தன. அதன்பின் பங்குத்தந்தை உட்பட எவரும் பேசவில்லை. மறுசோறு கேட்டு வாங்கி உண்டோம். கொடுக்கச் சென்றவர்கள் பெற்றுக்கொண்டு நின்றோம்! "இவ்வளவு நல்ல சோற்றை வைத்துக்கொண்டு ஏன் அம்மா கூச்சப்படுகிறீர்கள்?" என்று கேட்டோம். "நல்லாத்தான் இருக்கும். இப்போ யாரு சாமி குத்துறாங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

கொல்லிமலை பழம்பெருமை வாய்ந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. இன்று அங்கு வாழும் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிடலாகாது. மலையை ஆள்பவர் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. தினை, சாமை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவையே அவர்களது உணவாக இருந்தன. அவற்றிலும் எத்தனை வகை! சாமையில் கருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச் சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, கொரந்தினை. கேழ்வரகில் சுருட்டை, சட்டை, கருமுழியான். ஒன்று சரிவு நிலத்துக்கு ஏற்றது; மற்றொன்று விரைவில் விளைவது; இன்னொன்று களிக்குச் சுவையானது. ஏட்டில் எழுதாத வேளாண் கல்வி இது.

மலைக்குச் சாலை இல்லாத காலத்தில் வெளியுலகம் அங்கு எட்டிப் பார்க்கவில்லை. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சியே பலர் ஒதுங்கினர். அஞ்சாமல் ஏறியவர்களுள் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் குறிப்பிடத்தக்கவர்கள். தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு 1914-இல் இம்மலையில் பிறந்த அவர்களுடைய மகனே. ஜெஸ்ஸி 1929-இல் அதே காய்ச்சலுக்குப் பலியானார். எவலின் அம்மையாரோ முதிய வயதிலும் மலைமக்களுக்காக உழைத்து 1974-இல் இறைவனடி சேர்ந்தார். வேறு சபையினராயினும் அவர்களது தியாகத்தை நன்றியுடன் நினைவுகூர்கிறோம்.

அப்படியானால் சாமை அகன்றது எப்படி? அக்கதை மலையில் அல்ல, சமவெளியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது மலேயா நாட்டிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. 1943 முதல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கின் மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். அது பெருந்தொழிலாக வளர்ந்தது. 1981-இல் அதற்கெனச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு தேவை. மலைக்குச் சாலையும் வந்துவிட்டது. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கை விற்ற காசில் பிள்ளைகள் பள்ளி சென்றனர். மருத்துவச் செலவுக்கு வழி பிறந்தது. இதை நாம் குறைகூற இயலாது. ஆனால் வீட்டுக் குதிரில் இருந்த உணவு கடைக்குப் போய்விட்டது. கிழங்கு விலை வீழ்ந்த ஆண்டுகளில் காசும் இல்லை, தானியமும் இல்லை என்ற நிலை நேர்ந்தது. நியாய விலைக் கடை அரிசி பசியைத் தணித்தது. அத்துடன் சாமையை மறக்கவும் செய்தது.

இவை மட்டுமே காரணம் அல்ல. மூதாட்டியின் கேள்வியை மீண்டும் நினையுங்கள். கேழ்வரகை அப்படியே திரித்துவிடலாம். சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றின் உமியோ எளிதில் நீங்காது. உரலிலிட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மீண்டும் குத்த வேண்டும். காடு கழனியில் பகலெல்லாம் உழைத்த பெண்களின் தலையிலேயே இந்தச் சுமையும் விழுந்தது. சாமைச் சோற்றின் பெருமையைப் பேசும் நாம், அதைக் குத்திக் காய்த்த கைகளைப் பற்றி எண்ணியதுண்டா?

எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1988-இல் சென்னையில் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மலைமக்களோடு சேர்ந்து விதை வங்கிகள் அமைத்தது. உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களில் வைத்தது. அவற்றை நடத்தும் பொறுப்பைச் சுயஉதவிக் குழுக்கள் ஏற்றன. உலக்கையின் சுமை குறைந்த இடங்களில் சாமை மீண்டும் அடுப்பேறியது, சந்தைக்கும் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, முன்பு ஏளனம் செய்த நகரங்களே அவற்றை விலை கொடுத்துத் தேடின. காலத்தின் கோலம்தான் என்னே!

இனி, நாம் சொன்ன விடைக்கு வருவோம். ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளரும் கூறுகின்றனர். அந்த அப்பங்கள் வாற்கோதுமை அப்பங்கள் என்பதைக் குறித்து வைத்தவர் புனித யோவான் மட்டுமே. வாற்கோதுமை அந்நாளில் ஏழைகளின் தானியம். ஆண்டவர் அச்சிறுவனிடம் உயர்ந்த கோதுமையை எதிர்பார்க்கவில்லை. அவனிடம் இருந்ததையே கையிலெடுத்து நன்றி செலுத்தினார். மலைத் திண்ணையில் கூச்சத்தோடு நின்ற அம்மூதாட்டியின் கையிலும் அத்தகைய உணவே இருந்தது.

மேலும், லேவியர் ஆகமம் விதிக்கும் ஜூபிலி ஆண்டு ஐம்பதாம் ஆண்டு. நிலம் ஓய்வு பெறவும், இழந்தவர் தம் உரிமையை மீண்டும் அடையவும் இறைவன் குறித்த ஆண்டு அது. அலங்கார விளக்குகளோடும் விருந்தோடும் நம் பொன்விழா முடிந்துவிடலாமா?

விழா விருந்தில் ஜவ்வரிசிப் பாயசம் நிச்சயம் இருக்கும், இருக்கட்டும். அதன் பக்கத்தில், மலைப்பெண்களின் குழுக்களிடம் நியாயமான விலைக்கு வாங்கிய சாமையில் பொங்கிய ஒரு பிடி பொங்கலும் இலையில் இருக்கட்டும் என்று விழாக்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களிடமும், அவர்கள் சிறுவயதில் உண்ட கம்பையும் வரகையும் பற்றிப் பிள்ளைகள் கேட்டறியட்டும். அடுத்த தவக்காலத்தில் மலையேறும்போது, கொடுக்கும் கையோடு பெற்றுக்கொள்ளும் மனத்தையும் எடுத்துச் செல்வோம்.

தம் உணவை எண்ணி எவரும் தலைகுனியாத நாளை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக!