மாற்று ஆட்டக்காரர் இல்லாத காலம்: ஆலன் பிரெஸ்காட்டின் ஆட்டவாழ்வும் ரக்பி லீக் விதிமாற்றமும்

1958 ஜூலை 5 அன்று பிரிஸ்பேன் நகரின் எக்ஸிபிஷன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இரண்டாவது ரக்பி லீக் டெஸ்ட் நடந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பிரிட்டன் அணித் தலைவர் ஆலன் பிரெஸ்காட்டின் வலக்கை எலும்பு முறிந்தது. ஆனாலும் கடைசி விசில் ஒலிக்கும்வரை அவர் களத்தை விட்டு வெளியேறவில்லை. பிரிட்டன் 25–18 என்று வென்றது. இந்த ஆட்டம் பெரும்பாலும் ஒரு மனிதரின் மனவுறுதிக்குச் சான்றாகவே பேசப்படுகிறது. அவர் களத்தில் நின்றாக வேண்டும் என்ற நிலையை உருவாக்கியது எந்த விதி, அந்த விதி எப்போது மாறியது என்பதை அவருடைய ஆட்டவாழ்வின் வழியே ஆராய்கிறது இக்கட்டுரை.

உழைக்கும் ஊர்களின் ஆட்டம்

ரக்பி லீக் ஒரு கூலிப் பிரச்சினையில் பிறந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை இழக்கும் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்த இழப்பை ஈடுகட்டலாமா என்ற கேள்வியில் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ரக்பி யூனியனோடு முரண்பட்டன. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்து சென்றன. 1906இல் ஓர் அணியின் ஆட்கள் 15இலிருந்து 13ஆகக் குறைக்கப்பட்டனர்.

பிரெஸ்காட் 1927இல் ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த விட்னெஸ் நகரில் பிறந்தார். ஹாலிஃபாக்ஸ் கிளப்பில் ஆடிய அவர் 1949இல் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற செயின்ட் ஹெலன்ஸ் நகரின் கிளப்புக்கு மாறினார். அங்கே இரு அணிகளின் முன்களத்தாரும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்கும் ‘ப்ராப்’ இடத்தில் நிலைபெற்றார். 1951இல் நியூசிலாந்துக்கு எதிராகப் பிரிட்டனுக்கு ஆடத் தொடங்கி, பிறகு அதன் தலைவரானார்.

1956இல் வெம்ப்ளியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் தலைமையில் செயின்ட் ஹெலன்ஸ் ஹாலிஃபாக்ஸை 13–2 என்று தோற்கடித்தது. அதற்குமுன் பல இறுதியாட்டங்களில் தோற்றிருந்த அக்கிளப்புக்கு அதுவே முதல் சேலஞ்ச் கோப்பை. ஆட்ட நாயகனுக்குரிய லான்ஸ் டாட் பரிசும் பிரெஸ்காட்டுக்கே கிடைத்தது. ஆக, பிரிஸ்பேனுக்கு முன்பே அவர் தம் காலத்தின் முன்னணி ஆட்டக்காரராக இருந்தார்.

பிரிஸ்பேன் கணக்கு

1958 சுற்றுப்பயணத்தின் முதல் டெஸ்டில் பிரிட்டன் சிட்னியில் 8–25 என்று தோற்றிருந்தது. இரண்டாவதையும் இழந்தால், இரு நாடுகளுக்கிடையேயான ‘ஆஷஸ்’ எனப்படும் ரக்பி லீக் டெஸ்ட் தொடர் பறிபோகும். இந்த நெருக்கடியில் முதலில் தலைவரின் கை முறிந்தது. அடுத்து டேவ் போல்டன் தோள்பட்டை எலும்பு முறிந்து வெளியேறினார். வேறு சிலருக்கும் அடிபட்டது. அன்றைய விதிப்படி வெளியேறியவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. பிரிட்டன் 12 பேரோடு ஆட வேண்டியதாயிற்று.

போல்டன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப முன்களத்திலிருந்து வின்ஸ் கராலியஸ் பின்னுக்குப் போனார். ஆறு பேர் நிற்க வேண்டிய முன்களத்தில் ஐவர் மிஞ்சினர். பிரெஸ்காட்டும் வெளியேறியிருந்தால் அது நான்காகியிருக்கும். ஒரு கையால் அவரால் முழுமையாகப் பிடிக்கவோ தடுக்கவோ முடிந்திருக்காது. ஆனால் ஸ்க்ரமில் ஓர் இடத்தை அடைத்து நின்றதும், எதிரணியின் ஒருவரைத் தம்மீது கவனம் வைக்கச் செய்ததும் மற்ற 11 பேரின் சுமையைக் குறைத்தன. அவரது பங்களிப்பை வலி தாங்கியதை வைத்து மட்டுமல்லாமல், இந்த எண்ணிக்கையை வைத்தும் மதிப்பிட வேண்டும்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு பிரெஸ்காட் பிரிட்டனுக்கு ஆடவில்லை. மூன்றாவது டெஸ்டை அவர் இல்லாமலே 40–17 என்று வென்று பிரிட்டன் ஆஷஸைத் தக்கவைத்தது.

முன்னும் பின்னும்

காயத்தால் ஆள் குறைந்த அணி ஆடி வென்றது பிரிஸ்பேனில் முதல்முறை அல்ல. 1914 ஜூலையில் சிட்னியில் ஹரால்ட் வாக்ஸ்டாஃப் தலைமையிலான பிரிட்டன் அணி காயங்களால் ஆட்களை இழந்து, ஒரு கட்டத்தில் 10 பேரோடு ஆடி 14–6 என்று வென்றது. அந்த ஆட்டமும் வீரக்கதையாகவே நினைவுகூரப்பட்டது. அடிபட்ட பின்னும் ஆடுவதைக் குணமாகப் போற்றிய மரபு, ஆள் மாற்ற முடியாத விதியைக் கேள்விக்கு உள்ளாக்காமல் காத்தது என்று கருத இடமுண்டு.

கால்பந்திலும் அன்று இதே நிலைதான். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் ஆட்டத்தை முடித்தார். 1959 இறுதியில் ராய் ட்வைட்டும் 1960 இறுதியில் டேவ் வீலனும் கால் முறிந்து வெளியேற, அவர்களின் அணிகள் 10 பேரோடு ஆடின.

1964–65 பருவத்தில் இங்கிலாந்து ரக்பி லீக் முதல்முறையாக இரண்டு மாற்று ஆட்டக்காரர்களை அனுமதித்தது. ஆனால் இடைவேளைக்குள் காயமடைந்தவர்களுக்குப் பதிலாக மட்டுமே அவர்கள் இறங்கலாம். அடுத்த பருவத்தில் காயம் என்ற நிபந்தனை நீங்கியது. இடைவேளை என்ற எல்லை மட்டும் நீடித்தது. 1969இல் அதுவும் அகன்றது. இங்கிலாந்துக் கால்பந்து லீக் 1965இல்தான் மாற்று ஆட்டக்காரரை ஏற்றது. பிரிஸ்பேனிலிருந்து இந்த மாற்றத்துக்கு நேர்க்கோடு இழுப்பது மிகை. ஆனால் முதலில் வந்த விலக்கு, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முறிவுக்கு உள்ளான பிரெஸ்காட், போல்டன் போன்றோருக்கே பொருந்துவது என்பது கவனத்துக்குரியது.

முடிவுரை

1959இல் ஜிம் சல்லிவனுக்குப் பின் செயின்ட் ஹெலன்ஸின் பயிற்சியாளரான பிரெஸ்காட், 1961இல் விகனை 12–6 என்று வென்று சேலஞ்ச் கோப்பையை மீண்டும் அந்நகருக்குக் கொண்டுவந்தார். அவர் 1998இல் மறைந்தார். தலைவராக ஒன்று, பயிற்சியாளராக ஒன்று என்று ஒரே கிளப்புக்கு இரு சேலஞ்ச் கோப்பைகள் ஈட்டிய வாழ்வு, முறிந்த ஒரு கையின் கதையாகச் சுருங்கிவிட்டது. அவருடைய துணிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் தொழிலாளியின் இழந்த கூலியை ஈடுகட்டப் பிறந்த ஓர் ஆட்டம், இழந்த ஆளை ஈடுகட்ட ஏறத்தாழ 70 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்களுள் ஒருவராகவும் பிரெஸ்காட்டை வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.