கோதாவும் அலையும்

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்தில் இன்று சிமெண்டு ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படும் பூமி, சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் சமுத்திரத்தின் அடியில் கிடந்தது. கடல் என்றோ கைவிட்டுப் போன அப்பிரதேசத்திலிருந்து ஒருவன் அலையேறும் வித்தையைப் பற்றி எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மற்போரைப் பற்றிப் பேசச் சோழநாட்டானுக்குப் பாத்தியதை உண்டு. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடியிருப்பதைப் புறநானூற்றில் காணலாம்.

இவ்விரண்டு வித்தைகளும் ஒரே மனிதரிடம் கூடிவாழ்ந்தது ரியோ டி ஜெனிரோவில்தான். 1914இல் பிரேசிலுக்கு வந்த ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதாவிடம் பெலெம் நகரத்தில் பாடங்கேட்ட கார்லோஸ் கிரேசி, 1925இல் ரியோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். அவர் தம்பி ஹீலியோ, மெலிந்தவனும் தரையில் மல்லாந்து கிடந்தபடியே பலவானை அடக்கும்படி அந்த வித்தையை ஜியு-ஜிட்சு என்ற மற்போராகச் செப்பம் செய்தார். அடுத்த தலைமுறையில் ரோல்ஸ், ரிக்ஸன் முதலிய கிரேசிகள் பகலில் அலைப்பலகையும் மாலையில் மற்பாயுமாக வளர்ந்தார்கள். அவர்களில் ரோரியன் 1978இல் கலிபோர்னியாவுக்கும், பின்னர் ரெல்ஸன் ஹவாய்க்கும் குடிபெயர்ந்தபோது, அலையேறிகளிடையே ஜியு-ஜிட்சு பரவியதில் வியப்பில்லை.

காரணம் வெளிப்படை. கவிழ்ந்தவனைப் பேரலை நீருக்கடியில் அமுக்கும்போதும், கனத்த எதிராளி மார்பின்மேல் ஏறி அமரும்போதும், திமிறுகிறவன் மூச்சை வீணாக்குகிறான். அடங்கிக் காத்திருப்பவன் தப்பும் வழியைக் காண்கிறான். குப்புறப் படுத்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து நிற்கும் இடுப்பின் லாகவமும் இரண்டுக்கும் பொது. அன்றியும், அலை மனிதனின் சௌகரியம் பார்த்து எழுவதில்லையாதலால், கடல் அடங்கிய நாட்களில் உடலைப் பதமாக வைத்திருக்க மற்பாய் உதவுகிறது.

நம் கரையில் இவை ஏன் சேரவில்லை? துறைமுகமில்லாத பழைய சென்னையில், நுரைக்கும் அலைக்கோட்டுக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதங்களைக் கொண்டுபோன கட்டுமரக்காரருக்கு அலையேற்றம் ஜீவனோபாயம். மற்போரோ அரசர் மெச்சும் வீரம். ஒன்று வயிற்றுக்கும் மற்றொன்று கீர்த்திக்குமாகப் பிரிந்து நின்றன. ரியோவின் கோப்பகபானாக் கடற்கரையிலோ இரண்டும் வசதியுள்ள வாலிபரின் ஓய்வுநேரத்துக்கு உரியவையாயின. இரண்டையும் சேர்த்து வைத்தது ஓய்வு என்பதே என் அபிப்பிராயம்.

இப்போது நம் கரையிலும் நிலைமை மாறிவருகிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் 2012இல் தொடங்கிய பள்ளியில் மீனவச் சிறுவர்கள் அலைச்சறுக்குக் கற்றார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இத்தகைய பள்ளிகளை நடத்துவோர், பலகைகளை அடுக்கும் கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு கோதாவையும் அமைத்து, அலையில்லாத நாட்களில் பிள்ளைகளை மற்பிடிக்கு இறக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.