விளக்குத்தூணும் விழுந்த மதிலும்

மதுரையில் தெற்குமாசி வீதியும் கீழமாசி வீதியும் சேரும் முனையை ஒட்டி, திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது விளக்குத்தூண். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் தேவாலயம், சந்தை, நகர மன்றம் ஆகியவற்றுக்கு நடுவே அகன்ற சதுக்கம் ஒன்று இருக்கும். கோயிலை நடுவில் வைத்து வீதிகளைச் சுற்றிச் சுற்றி அமைத்த மதுரையில் அப்படியொரு வெட்டவெளிக்கு இடமில்லை. வீதிகள் திரும்பும் முனைகள்தாம் இங்கே கூடும் இடங்கள். அவற்றில் வணிகத்துக்குப் பேர்போனது இந்த முனை.

தூணின் கதை கோட்டையிலிருந்து தொடங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர், தளவாய் அரியநாத முதலியாரின் துணையோடு மதுரையைச் சுற்றி அகழியும் மதிலுமாகக் கோட்டை எழுப்பினார். அதில் 72 கொத்தளங்கள். நாட்டைப் பிரித்துக் கொடுத்த பாளையங்களும் 72. பாளையத்துக்கு ஒரு கொத்தளம் என்று காவல் பொறுப்பு பங்கிடப்பட்டது என்பது மரபு. போடிநாயக்கனூரும், இன்று ஆண்டிபட்டி வட்டாரத்தில் கண்டமனூர் என்று வழங்கும் கண்டமநாயக்கனூரும் அந்தப் பாளையப் பட்டியலில் உண்டு. ஆகவே கண்டமனூரை அடுத்த வருசநாட்டு மலையடிவாரத்துக்கும் மதுரை மதிலுக்கும் உள்ள உறவு பழையது.

மதில் கடைசியாகத் தன் வலுவைக் காட்டியது மதுரையை ஆண்ட கான்சாகிப் என்ற மருதநாயகத்தின் காலத்தில். 1763-64இல் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் கோட்டை எளிதில் வசப்படவில்லை. உள்ளிருந்தவர்களே காட்டிக்கொடுத்த பிறகுதான் அவர் பிடிபட்டார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர் போர்கள் 1801இல் ஓய்ந்தபின் மதிலுக்கு வேலையில்லாமல் போயிற்று. அகழியில் தேங்கிய நீர் நாறியது. உள்ளே ஜன நெருக்கடி, வெளியே விரிய வழியில்லை.

1834இல் கலெக்டராக வந்த ஜான் பிளாக்பர்ன் மதிலை இடிக்கத் துணிந்தார். அரசுப் பணத்தை அள்ளி இறைத்து அவர் இதைச் செய்யவில்லை. மதிலின் ஒரு பகுதியை இடித்து அகழியைத் தூர்க்க முன்வருவோருக்கு அந்த நிலமே வீட்டுமனையாகும் என்று அறிவித்தார். செலவைக் குடிகள் தலையில் கட்டிய ஏற்பாடுதான். ஆனாலும் ஏமாற்று இல்லை, இடித்தவர் கைக்கு மனை வந்தது. அகழி இருந்த இடம் தெருவானது. நில அளவையைக் கவனித்த மாரெட், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவரின் பெயர்களும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் வழங்குகின்றன. அவற்றுக்கும் வெளியே அமைந்தவை வெளி வீதிகள். மேஸ்திரி ஒருவரின் பெயரைத் தெருவுக்கு வைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். 

இதே போல வியன்னா நகரத்தின் மதிலை இடிக்கப் பேரரசர் பிரான்ஸ் யோசப் ஆணையிட்டது 1857 டிசம்பரில். அங்கே எழுந்த ரிங் வீதி உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன்பே மதுரையில் அதே காரியம் நடந்து முடிந்துவிட்டது.

பிளாக்பர்ன் 1847 வரை பதவியில் இருந்தார். அவர் நினைவாக ஊரார் எழுப்பியதே விளக்குத்தூண். சிலை வைக்காமல், இரவில் வெளிச்சம் தரும் விளக்கை வைத்தார்கள். மின்சாரம் வராத காலத்தில் அதில் எரிந்தது எண்ணெய் விளக்கு.

தூணைச் சுற்றியுள்ள இடம் அதைவிடப் பழையது. பக்கத்துச் சந்தில், ஜவுளிக் கடைகளின் பலகைகளுக்கு நடுவே, பத்து ராட்சதக் கல்தூண்கள் வெயிலில் நிற்கின்றன. நாயக்கர் அரண்மனையின் அழிந்துபோன பகுதியில் எஞ்சியவை அவை. சந்துக்கே பத்துத்தூண் என்று பெயர். சுமைதூக்குவோர் சேலைக் கட்டுகளை அவற்றின் அடியில் இறக்கிவைத்து இளைப்பாறுகிறார்கள். அரண்மனை முரசு ஒலித்த நவபத்கானா தெருவும் அருகில்தான். நாயக்கர் காலத்தில் குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்கள் மகாலைச் சுற்றித் தறி போட்டார்கள். மதுரைச் சுங்குடி அவர்கள் கைவண்ணம். ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டியின் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தெருக்கள் புதிதாக இரா.

சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வலம் வரும்போது திரும்பும் முனைகளில் இதுவும் ஒன்று. இங்கிருந்து கிழக்கே போகும் காமராசர் சாலையில் காந்திப் பொட்டல் உள்ளது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, மேலாடை துறந்து வேட்டியோடு மட்டும் மக்கள் முன் வந்து நின்ற இடம் அது.

ஆண்டிபட்டியிலிருந்து மதுரை சுமார் 60 கிலோமீட்டர். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்குவோர் பெரியார் பேருந்து நிலையத்துக்கு வந்தால், மேலவெளி வீதியில் பழைய கோட்டையின் மேற்கு வாசலில் எஞ்சிய கல் கட்டடத்தை முதலில் பார்த்துவிடலாம். பிறகு தெற்குமாசி வீதி வழியே நடந்தால் விளக்குத்தூண் வரும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகக் கூடாது. கூட்டத்தில் தூணே கண்ணில் படாது.