சாம்பியாவின் பெருந்தெருக்கள்: திசை மாறிய வரலாறு

ஒரு நாட்டின் தேசப்படத்தை விரித்து, அதன் தெருக்கள் எத்திசை நோக்கி ஓடுகின்றன என்று பார்ப்போமாயின், அந்நாட்டை ஆண்டவர் எதை நாடி வந்தார் என்பது விளங்கிவிடும். தென்னாபிரிக்கப் பிராந்தியத்திலுள்ள சாம்பியா இதற்குத் தக்க சான்று. கடலற்ற அந்நாட்டை எட்டு நாடுகள் சூழ்ந்துள்ளன. அங்கே தெரு என்பது வசதியன்று, உயிர்நாடி.

வட றொடீசியா என்னும் பெயரில் பிரித்தானியர் அதனை ஆண்டபோது பிரதான வழிகள் தெற்கையே நோக்கின. 1905இல் விக்டோரியா நீர்வீழ்ச்சியருகே ஸாம்பெஸி ஆற்றின்மேல் பாலம் அமைந்தது. 1909இல் இருப்புப்பாதை நிடோலாவை எட்டியது. 1939இல் சிருண்டுவில் மோட்டார் வண்டிகளுக்கும் பாலம் கிடைத்தது. சுரங்கத்துச் செம்பு தெற்கே சென்றது; இலாபமும் அதனுடன் சென்றது.

வடக்கின் நிலை யாது? முதலாம் உலகப்போரில் ஜேர்மனியரை எதிர்த்த படைக்கு உணவும் வெடிமருந்தும் பெரிதும் பல்லாயிரம் ஆபிரிக்கச் சுமையாட்களின் தலைகளிலேயே சென்றன. நோயாலும் களைப்பாலும் மாண்டவர் பலர். 1918 நவம்பரில் ஜேர்மன் தளபதி லெற்றோ வோர்பெக் போரை நிறுத்திய இடம் வடக்கே உள்ள சம்பேஷி ஆற்றங்கரை. தளபதியின் பெயரை நூல்கள் சொல்கின்றன. சுமந்தவர்களின் பெயர்களை யார் சொல்வார்?

1964 ஒக்டோபர் 24இல் சாம்பியா சுதந்திரம் பெற்றது. ஓரிரவில் கொடி மாறியது. பாதைகளின் திசை மாறவில்லை. 1965 நவம்பரில், தென் றொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மையினர் இயன் சிமித்தின் தலைமையில் தாமே சுதந்திரப் பிரகடனம் செய்தனர். டிசம்பரில் பிரித்தானியா அவர்கள்மீது எண்ணெய்த் தடை விதித்தது. அவர்களோ தம் வழியே சாம்பியாவுக்குச் சென்ற எண்ணெயை நிறுத்தினர். பிறருடைய பாதையில் தங்கியிருக்கும் சுதந்திரம் எத்தகையது என்பதை அந்நாடு அன்று உணர்ந்தது.

எஞ்சிய பிரதான வழி, தன்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை 2,000 கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த வட பெருந்தெரு. அதன் பெரும்பகுதி மண்ணும் சரளையுமே. பெற்றோல் பீப்பாய்களை ஏற்றிவந்த லொறிகள் செம்பை ஏற்றித் திரும்பின. மாரியில் சேற்றில் புதைந்தும் கவிழ்ந்தும் போயின. 'நரக ஓட்டம்' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கியவர்கள் அந்த லொறிச் சாரதிகளே.

1968இல் எண்ணெய்க் குழாய் நிடோலாவை அடைந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தெரு தாரிடப்பட்டது. அதற்கு அமெரிக்க உதவியும் உலக வங்கிக் கடனும் கிடைத்தன. இலாபம் தராது என்று மேற்கு நாடுகள் ஒதுக்கிய இருப்புப்பாதையைச் சீனா 1970 முதல் 1975 வரை 1,860 கிலோமீற்றர் நீளத்திற்கு அமைத்தது.

1973இல் சிமித் எல்லையை மூடினார். பின்னர் அவர் திறக்க முன்வந்தும், ஜனாதிபதி கவுண்டா தெற்கு வழிக்குத் திரும்ப மறுத்தார். அம்மறுப்பின் விலை பெரிது. 1978இல் உரத்துக்காகத் தென்வழியை அவர் மீளத் திறக்க நேர்ந்தது. 1979 ஒக்டோபரில் றொடீசியப் படையினர் அதே சம்பேஷி ஆற்றின் பாலங்களைத் தகர்த்தனர். ஒரு பாலம் எவ்வளவு அரசியலைச் சுமக்கிறது என்பதை எதிரி நன்கறிந்திருந்தான்.

இன்று வழிகள் பல. கிழக்கே சிப்பாட்டா ஊடாக மலாவிக்கும், 2004இல் திறந்த கற்றிமா முலிலோ பாலத்தால் நமீபியாவுக்கும் செல்லலாம். 2021இல் திறந்த 923 மீற்றர் நீளமான கசுங்குலா பாலம், சிம்பாப்வேயின் எல்லையைத் தொடாது வளைந்து பொட்சுவானாவை அடைகிறது. ஆயினும் 2023இல் லுசாக்கா–நிடோலா தெருவை விரிவாக்கும் பணி, கட்டணம் அறவிடும் உரிமையுடன், தனியார் கூட்டமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. செம்பு இன்றும் வெளியே செல்கிறது. திசைகள் மட்டுமே பெருகியுள்ளன. உள்ளூர் மண்பாதைகளில் சோள மூடையுடன் காத்திருக்கும் உழவனுக்கு இத்தெருக்கள் எப்போது உரியனவாகும்?

பாதையின் திசையை மாற்றியது விடுதலை. பாதையின் பயனை மாற்றுவதே எஞ்சியுள்ள பணி என்போம்.