எங்க ஊரில் குடும்பப் பெயருக்கு ஆயுசு ஒரு தலைமுறை

விருதுநகர், சிவகாசி பக்கம் ஓ.பி. சீட்டு போடுறப்ப கவனிங்க. பேர், அப்பா இல்லைன்னா வீட்டுக்காரர் பேர், ஊர். அவ்வளவுதான். குடும்பப் பெயர்னு ஒண்ணு கிடையாது.

ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி, பேருக்குப் பின்னால வர்ற ஒரு சொல்லுக்காக இந்தப் பக்கம் பெரிய போராட்டமே நடந்திருக்கு. அரசுப் பதிவுகளில் இருந்த 'சாணார்' என்ற சொல்லை அந்தச் சமூகம் இழிவாகக் கருதியது. 1910-ல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் மாற்றச் சொல்லிக் கேட்டது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நாடார்' ஆனது.

எட்டே வருஷம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம். தலைமை யார் தெரியுமா? அதே சமூகத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன்! போராடி வாங்கினதை விடுறது லேசுப்பட்ட காரியமா?

விருதுநகர்க்காரர் காமராஜரையே எடுங்க. அப்பா குமாரசாமி நாடார். மகன் பேரில் நிலைச்சது 'கு' மட்டும்தான். (கடை போர்டுகளில் பட்டம் இன்னும் இருக்கு, அது தனிக்கதை.)

இப்ப பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் பலர் அப்பா பேரை எழுதுறாங்க. அப்போ மகனுக்கு ஒண்ணு, பேரனுக்கு வேறொண்ணு. வெளிநாட்டு அதிகாரிக்குத்தான் குழப்பம், நமக்கில்லை. வார்டில் மூணு மாரியம்மாள் இருந்தா, ஐ.பி. நம்பரோட அந்த அப்பா பேரையும் கேட்டுட்டுத்தான் ரத்தம் ஏத்துறோம்.