பத்து நாள் தண்டனை

சென்ற வாரம் தில்லையாடி வள்ளியம்மையைப் பார்த்தோம். தென்னாப்பிரிக்கச் சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில், 16 வயதில் கண்மூடியவர். அவருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முன்பே, இந்தியர்கள் அங்கே நடத்திய அதே அறப்போரில், தஞ்சைச் சீமையின் பிள்ளை இன்னொருவரும் உயிர்விட்டிருந்தார். மாயவரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சாமி நாகப்பன். வயது 18.

இந்தியர்கள் பத்து விரல் ரேகையையும் பதித்துச் சீட்டு வாங்க வேண்டும், போலீஸ் கேட்கும்போதெல்லாம் அதை நீட்ட வேண்டும் என்றது டிரான்ஸ்வால் அரசின் 1907ஆம் ஆண்டுச் சட்டம். 1908 ஆகஸ்டில், ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வாசலில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் கொப்பரையில் எரிந்தன. சிறைக்குப் போவதே போராயிற்று.

நாகப்பனுக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. ஆங்கிலமும் ஜூலு மொழியும் புழங்கிப் புழங்கியே வந்தவை. 1909 ஜூன் 21இல் பத்து நாள் கடுங்காவல் என்று அவரை உள்ளே தள்ளினார்கள்.

நம் ஊரில் அது ஆனி மாதம். காவிரியில் புதுத்தண்ணீர் வரும், நாற்றங்கால் உழும் பருவம். அங்கே கொடுங்குளிர். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர்; ஜூன் விடியலில் புல்மேல் உறைபனி படியும். மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிற நமக்கு அந்தக் குளிர் எளிதில் பிடிபடாது. கைதிகளை முகாமில் கூடாரங்களில் அடைத்துவைத்து, அதிகாலையிலேயே சாலை வேலைக்கு ஓட்டினார்கள்.

ஜூன் 30இல் விடுதலை. அதற்குள் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 19 ஆண்டுகள் இருந்தன. உடம்பு தானே போராடி மீண்டால்தான் உண்டு. ஜூலை முதல் வாரத்தில் நாகப்பன் இறந்துபோனார்.

நோயில் இறந்தார் என்று எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அந்த நோயைக் கொடுத்தது அந்த முகாம். குளிரில் வேலை வாங்கியவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

அப்போது, போராட்டத்தை நடத்திய காந்தி பேச்சுவார்த்தைக்காக லண்டன் நோக்கிக் கப்பலில் இருந்தார். கடைசி மூச்சுவரை போராட்டத்தைத் தவிர வேறு நினைப்பே நாகப்பனுக்கு இல்லை என்று உடனிருந்தவர்கள் சொன்னதைத் தம் தென்னாப்பிரிக்க நூலில் பின்னாளில் பதிந்துவைத்தார். 1914 ஜூலை 15இல், அந்நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கப்பலேற மூன்றே நாள் இருக்கையில், பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நடந்த நினைவுக்கல் நிகழ்ச்சியில் கலந்துகொண்டார்.

தில்லையாடியில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் உண்டு. நாகப்பன் பெயரை மாயவரத்துப் பள்ளிக்கூடங்களாவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இதே வரிசையில் மூன்றாமவர், 1910இல் நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்து, கரையிறங்க அனுமதி கிடைக்காமலே மாண்ட நாராயணசாமி. அவர் கதை அடுத்த வாரம்.