செங்கற்சுவரின் உட்புறம்: ரொறன்ரோ குளியலறைப் பூச்சுகளின் வரலாறு

ரொறன்ரோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த தொழிலாளர் வீடுகள் பலவற்றில் குளியலறை என்றொரு தனியறையே இருக்கவில்லை. கழிப்பிடம் கொல்லைப்புறத்துக் குழியாகவே இருந்தது. நகரின் சுகாதார அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ் 1911இல் வெளியிட்ட சேரிநிலை அறிக்கையும், நகரசபைப் புகைப்படக்காரர் ஆர்தர் கொஸ் எடுத்த படங்களும் அந்த அவலத்தை மறைக்க முடியாதபடி வெளிப்படுத்திய பின்னர், கொல்லைக் கழிப்பிடங்கள் படிப்படியாக ஒழிக்கப்பட்டன. சிறிய படுக்கையறையோ பின்கட்டின் ஒரு மூலையோ குளியலறையாக மாறியபோது, நீரைக் கருதாமல் கட்டப்பட்ட சுவர் முதன்முறையாக அன்றாடம் நீராவியை எதிர்கொண்டது.

அச்சுவரின் இயல்பை அறியாமல் அதன் பூச்சைப் பற்றிப் பேசுவது பயனற்றது. 1889இல் தொடங்கப்பட்ட டொன் பள்ளத்தாக்குச் செங்கற்சூளை போன்றவை நகருக்குச் செங்கல் வழங்கின. 1904 ஏப்ரலில் நகரின் வணிகப் பகுதியை அழித்த பெருந்தீக்குப் பிறகு செங்கல்லின் தேவை மேலும் பெருகியது. வீட்டின் புறச்சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்த இரட்டை வரிசைச் செங்கல்லாகும்: நன்கு வெந்த கல் வெளிப்புறத்திலும், குறைவாக வெந்த மென்மையான கல் உட்புறத்திலும் இடப்பட்டன. உள்ளே மெல்லிய மரப்பட்டிகைகளைச் சிறு இடைவெளிவிட்டு ஆணியடித்து, சுண்ணாம்பு, மணல், விலங்கு மயிர் கலந்த சாந்தைக் கொத்தனார் அழுத்தித் தேய்ப்பார்; இடைவெளி வழியே பிதுங்கி மறுபுறம் மடிந்து இறுகும் சாந்தே முழுப் பூச்சையும் தாங்கிப் பிடித்தது. இத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், பின்னர் இருபுறமும் உலரும்.

குளியலறைக்கு இதனினும் கடினமான மேற்பரப்பு வேண்டப்பட்டது. வசதியுள்ளோர் வெள்ளை மெருகு டைல்ஸைப் பதித்தனர். வட அமெரிக்க வீடுகள் பலவற்றில், 1838இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கீன் சீமெந்து, அதாவது படிகாரம் சேர்த்து மீண்டும் சுட்ட ஜிப்சப் பொடி, சுவரின் கீழ்ப்பாதியில் பூசப்பட்டு, ஈரம் காயுமுன் கோடு கீறி டைல்ஸ் போலத் தோன்றச் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜிப்சப் பலகை இக்கைவினைகளைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. விரைவைத் தவிர அதனால் சுவருக்கு விளைந்த நன்மை சிறிதே.

பூச்சு நீடிப்பது காலநிலையையும் பொறுத்தது: வெப்பமான செட்டிநாட்டில் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவைச் சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு தலைமுறைகள் கடந்தும் பளபளக்கிறது. ரொறன்ரோவின் பனிக்காலமோ வேறொரு சோதனையை வைக்கிறது: குளியலறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று விரிசல்கள் வழியே குளிர்ந்த செங்கல்லை அடைந்தால், அங்கு நீராய்ப் படிகிறது, நனைந்த கல் உறைந்தும் உருகியும் சிதைகிறது. ஆகவே நீர்புகாப் படலத்தையும் டைல்ஸையும் ஷவர் பகுதிக்குள் அடக்கி, எஞ்சிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சை இட்டு, ஈரக்காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் மின்விசிறியைப் பொருத்துவதே இவ்வீடுகளின் கட்டுமானத்துக்கு இசைந்த தெரிவு. இயலுமாயின் ஷவரையே புறச்சுவரிலிருந்து உட்பிரிப்புச் சுவருக்கு மாற்றுவது அதனினும் நன்று.